மாவின் மேல் இரண்டு பாதம்

இடது காலுக்கு உறை ஏறிவிட்டது. வலது காலில்தான் குதிகாலுக்கு வந்ததும் சிக்கிக்கொண்டு நகர மறுத்தது. ரொட்டிக்காரர் கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டு, மகளின் பாதத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, கம்பளி உறையின் வாயை இரண்டு கட்டைவிரல்களாலும் விரித்துப் பார்த்தார். வருஷக்கணக்காக அடுப்பு அனலில் வெந்த கைகள் அவருடையவை. சூடும் குளிரும் சட்டென்று உறைக்காது. இந்தக் குளிர் உறைத்தது.

அவளுக்கு இரண்டாவது விரல் கட்டைவிரலைத் தாண்டி நீண்டிருக்கும். ஓடி ஓடி அந்த விரலின் நகம் கறுத்து விழுந்து, முளைத்து, மறுபடியும் கறுத்திருந்தது. அதை உறைக்குள் பத்திரமாகத் தள்ளிவிட்டு இழுத்தார். ஏறிவிட்டது.

"இன்னொரு ஜோடியும் போட்டு விடுங்க," என்றாள் தலைமாட்டில் நின்ற மனைவி.

"அதுக்கு மேலேயா?"

"அவ குளிர் தாங்க மாட்டா."

அவர் இன்னொரு ஜோடியை எடுத்துக்கொண்டார். மேலே முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஒரு ஸ்வெட்டர் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. மனைவியின் கையில் இரண்டாவது ஸ்வெட்டர் காத்திருந்தது. கடந்த ஒரு வருஷமாகப் பெரியவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இப்படித்தான் இருந்தாள். வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் ஸ்வெட்டர். கேட்டால், "ஓடறவங்க உடம்பைச் சூடா வச்சுக்கணும்ப்பா," என்பாள். ஓட்டத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? அவளுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்.

கதவோரம் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். கல்லூரியின் கோச். பருமன் இல்லாத, வெயிலில் காய்ந்த மனிதர். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். கையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத நீல நிற டீம் சட்டை ஒன்று இருந்தது.

"பிள்ளைங்க எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க. அவளுக்கு இதைப் போட்டு அனுப்பினா நல்லா இருக்கும்னு."

மனைவி அதைக் கையில் வாங்காமல் உறையின் மேலாகவே இரண்டு விரல்களால் தடவிப் பார்த்தாள்.

"மெல்லிசா இருக்கே."

"இல்லம்மா, ஓடறதுக்கான துணி. அதான் அப்படி."

"மெல்லிசா இருக்கு," என்றாள் மறுபடியும். குரலில் கோபம் எதுவும் இல்லை. கடையில் துணி பார்த்துவிட்டு வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பவளைப் போலச் சொன்னாள். பிறகு குனிந்து, மகளின் கையை முழங்கையில் மடக்கி, இரண்டாவது ஸ்வெட்டரின் கைக்குள் நுழைக்கத் தொடங்கினாள்.

கோச் ரொட்டிக்காரரைப் பார்த்தார். ரொட்டிக்காரர் சட்டையை வாங்கி நாற்காலியின் முதுகில் வைத்தார். "உக்காருங்க சார்," என்றார். ஆனால் அந்த அறையில் உட்கார இடமில்லை.

பெரியவளுக்கு வீட்டில் பெயர் பன்னு. பிறந்தபோதே கன்னம் இரண்டும் உப்பி, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்ததைப் போல இருந்தாள். பேக்கரிக்காரன் பெண்ணுக்கு வேறென்ன பெயர் பொருந்தும் என்று அவரே வைத்தது. நாலு வருஷம் கழித்துப் பிறந்தவள் சூம்பிப் போன பிள்ளை. அவளுக்கு ரஸ்க்கு. "ஒரே மாவுதான், ஒண்ணு ஒரு தடவை வெந்தது, இன்னொண்ணு ரெண்டு தடவை வெந்தது," என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். பிள்ளைகளும் சிரிப்பார்கள்.

பன்னு பன்னிரண்டு வயதில் ஓட ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்து மைதானத்தில் யாரோ துரத்தி ஓடியவள், துரத்தியவன் நின்ற பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தாளாம். நீண்ட தூர ஓட்டம். மற்றவர்கள் நாக்குத் தள்ளி நிற்கும் இடத்தில்தான் அவளுக்கு மூச்சே சீராகும். கோப்பைகள் வந்தன. கல்லாவுக்குப் பின்னால் கேக் அடுக்கும் அலமாரியில் ஒரு வரிசையை மனைவி காலி செய்து கோப்பைகளை வைத்தாள். அந்த ஓட்டம்தான் அவளைக் கல்லூரிக்கு அழைத்துப் போனது. இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். விடுதியில் தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவாள்.

முதல் வருஷம் முடியும்போது ஒரு நாள் பேக்கரிக்குள் ஓடி வந்தாள். "அப்பா, கோச் என்ன சொன்னார் தெரியுமா? என்கிட்ட எல்லாமே இருக்காம். இன்னும் கொஞ்சம் இறக்கிட்டேன்னா என்னை யாராலயும் பிடிக்க முடியாதாம்."

"எதை இறக்கணும்?"

"வெயிட்டை."

"உனக்கென்னடி வெயிட்டு? பன்னு மாதிரி..." என்று ஆரம்பித்தவரை நிறுத்திவிட்டாள்.

"அப்பா, இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க. டீம்ல யார் காதிலயாவது விழுந்துடும்."

அவர் விட்டுவிட்டார். வயசுப் பெண், கூச்சம் இருக்காதா?

அதற்குப் பிறகு அவள் பேக்கரிக்கு வந்தால் ஒன்று செய்வாள். அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து, ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிடுவாள். கண்ணை மூடிக்கொள்வாள். சூடு ஆறியதும் ரொட்டியை எடுத்து, ஒரு துணுக்குகூடக் கிள்ளாமல், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவாள். "ஏன்டி, விக்கிற பொருளை ஒத்தடம் கொடுக்கவா வச்சிருக்கேன்?" என்பார். அந்த ரொட்டியை அவர் யாருக்கும் விற்றதில்லை. அவரே தின்றுவிடுவார்.

வியாழக்கிழமை காலைப் பயிற்சியில், வளைவில் திரும்பும்போது விழுந்திருக்கிறாள். தடுக்கி விழுந்தாள் என்று நினைத்து மற்ற பெண்கள் சிரித்துக்கொண்டே தாண்டி ஓடியிருக்கிறார்கள். அடுத்த சுற்றில் வந்தபோதும் அப்படியே கிடந்தாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு டாக்டரம்மா அவரைச் சுவரோரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னார். உடம்பில் இருக்கவேண்டிய உப்புகள் அநியாயத்துக்குக் குறைந்துவிட்டன, இதயம் தாளம் தப்பிவிட்டது, ரொம்ப நாளாகவே சாப்பிடாமல் இருந்திருக்கிறாள், இது ஒரு நோய், நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அவர் கேள்விப்பட்டதில்லை. ரொட்டி மாவில் உப்புப் போட மறந்தால் என்ன ஆகும் என்று மட்டும் தெரியும். கிடுகிடுவென்று பொங்கும். பார்ப்பவர்களுக்குப் பிரமாதமாக இருக்கும். அப்புறம் அப்படியே அமுங்கிவிடும்.

"வீட்டில வேற பிள்ளைங்க இருக்காங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒருத்தி இருக்கா. சின்னவ."

"அவளும் ஓடறாளா?"

"ஓடறா."

"அவளையும் கூட்டிட்டு வாங்க."

அக்காவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கூட்டிவரச் சொல்கிறார் என்று நினைத்து, அவர் வெளியே ஓடிப்போய் ரஸ்க்குவுக்குப் போன் செய்தார்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. கூடத்தில் நாற்காலிகள் போதாமல் பேக்கரியின் பெஞ்சுகளையும் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து சாப்பாடு வந்து, சமையலறை மேடையில் இடமில்லாமல் தரையிலும் பாத்திரங்கள் உட்கார்ந்திருந்தன. யாரோ அடுத்த தெரு பேக்கரியிலிருந்து ரொட்டி வாங்கி வந்திருந்தார்கள். ரொட்டிக்காரர் பழக்கதோஷத்தில் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மாவு சரியாகப் பொங்கும் முன்னமே அடுப்பில் தள்ளியிருக்கிறான் படுபாவி. இன்றைக்கு இதையெல்லாம் பார்க்கிறோமே என்று கையை இழுத்துக்கொண்டார்.

டீம் பெண்கள் ஐந்து பேரும் ஜன்னலோரம் ஒரே வரிசையில் நின்றார்கள். ஒரே நீலச் சட்டை, ஒரே குதிரைவால் சடை. கன்னத்தில் ஒரே மாதிரிக் குழி. அவர்களுக்கு முன்னால் தட்டு வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொருத்தியும் தட்டிலிருந்து எதையோ எடுத்தாள், கையிலேயே வைத்திருந்தாள், பேசினாள், அழுதாள், பிறகு ஓசைப்படாமல் தட்டிலேயே திரும்ப வைத்தாள். ரொட்டிக்காரர் அதைப் பார்த்தார். இதைப் போல எங்கோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. ஸ்வெட்டருக்குள் இருந்த ரொட்டி நினைவுக்கு வந்ததும் பார்வையை விலக்கிக்கொண்டார்.

ரஸ்க்கு தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். பதினாறு வயது. அக்காவின் கறுப்புச் சட்டையைப் போட்டிருந்தாள். அது அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது.

அவருடைய தங்கை, பிள்ளைகளுக்கு அத்தை, அவள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். "அய்யோ, இவளைப் பாத்தா அவளையே பாக்கற மாதிரி இருக்கே! நடை, உடம்பு, எல்லாம் அவளேதான்." சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

பக்கத்தில் நின்ற கோச், ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்பதுபோல, "உன் ஓட்டத்தைப் பள்ளிப் போட்டியில பாத்திருக்கேம்மா. அக்காவோட அதே வாகு உனக்கும். படிப்பு முடிஞ்சதும் எங்க காலேஜுக்கே வந்துடு. அவ இடம் உனக்காக இருக்கும்," என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

ரஸ்க்குவின் முதுகு நிமிர்ந்ததை ரொட்டிக்காரர் பார்த்தார். வயிறு உள்ளே போய், கழுத்து நீண்டு, ஒரு கணம் அங்கே நின்றது ரஸ்க்கு இல்லை. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

பின்வாசல் படியில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். ஆகிருதியான பெண். படியின் அகலம் அவளுக்கே சரியாக இருந்தது. கழுத்தோரம், இரும்புக் குண்டை வைத்து வைத்துக் கறுத்துப்போன ஒரு தழும்பு. பன்னுவின் அறைத் தோழி. குண்டு எறிபவள். விடுதியில் எல்லோரும் தூணு என்று கூப்பிடுவார்கள் என்று பன்னு சொல்லியிருக்கிறாள். அவரைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"உக்காரும்மா. சாப்பிடு."

"எனக்கு அழுதா பசிக்கும் அங்கிள்," என்றாள் வெட்கத்தோடு. "கேவலமா இருக்கு."

"கேவலம் என்ன? இந்த வீட்டில இன்னிக்குச் சாப்பிட்டது நீ ஒருத்திதான்." அவர் படியின் ஓரத்தில் உட்கார்ந்தார். "எப்படி இருக்கு ரொட்டி?"

அவள் யோசித்தாள். "பொய் சொல்லட்டுமா, உண்மை சொல்லட்டுமா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வியாழக்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு. அது பாதியிலேயே அழுகையாக மாறியது. தூணு தன் பெரிய கையை அவர் முதுகில் வைத்தாள்.

"உங்க ரொட்டியை நிறையத் தின்னிருக்கேன் அங்கிள்," என்றாள் சற்று நேரம் கழித்து. "நீங்க ஞாயித்துக்கிழமை கட்டிக்கொடுத்து அனுப்புவீங்க இல்ல? அதெல்லாம் எனக்குத்தான் வரும். மெஸ்ஸிலயும் அவ தட்டு என் தட்டுலதான் கவிழும். 'தூணு, நீ தின்னு, உனக்குக் காசு மாதிரி, எனக்குக் கடன் மாதிரி'ன்னு சிரிப்பா. நானும் சிரிச்சுக்கிட்டே தின்னேன். அவ பங்கையும் நான்தான் தின்னேன் அங்கிள்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் கையில் இருந்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"திங்கக்கிழமை எல்லாரையும் நிக்க வச்சு வெயிட் பாப்பாங்க. சத்தமா வாசிப்பாங்க. எனக்கு ஏறியிருந்தா எல்லாரும் கை தட்டுவாங்க. அவளுக்கு இறங்கியிருந்தா கை தட்டுவாங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே ரூம். ஒருத்திக்கு ஏறினா கைத்தட்டு, ஒருத்திக்கு இறங்கினா கைத்தட்டு. அது எங்களுக்குப் பெரிய ஜோக்கு."

"கோச்சுக்குத் தெரியாதா?"

"எது?"

"அவ சாப்பிடலைன்னு."

தூணு ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளினாள். "அவ ஜெயிச்சுக்கிட்டு இருந்தா அங்கிள்," என்றாள்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது. "என்னங்க, சர்க்கரை தீர்ந்துபோச்சு. டீ கேக்கறாங்க. கடையில இருந்து கொஞ்சம் கொண்டு வர்றீங்களா?"

பேக்கரி அதே தெருவின் திருப்பத்தில் இருந்தது. முன்கதவின் இரும்பு ஷட்டர் வியாழக்கிழமை காலையில் அவர் இழுத்து விட்டபடியே கிடந்தது. போன் வந்தபோது அவர் தோளில் மாவு மூட்டை இருந்தது. தோளிலிருந்து எப்போது நழுவியது என்று தெரியாது. மூட்டை வாய் பிளந்து தரை, மேசைக் கால்கள், ஓரத்தில் இருந்த மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு எல்லாம் வெள்ளையாகிப்போனது. அப்படியே பூட்டிக்கொண்டு ஓடினார். அதற்குப் பிறகு இங்கே யாருக்கும் வேலை இல்லை.

ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கிக் குனிந்து உள்ளே போனார். புளித்த மாவின் வாசனை அடித்தது. பிசைந்து வைத்திருந்த மாவு தொட்டியில் பொங்கி, வழிந்து, காய்ந்து ஏடு கட்டியிருந்தது. மேற்கு ஜன்னல் வழியாகச் சாய்ந்த வெயில் தரையில் நீண்டு கிடந்தது. மாவு அந்த வெளிச்சத்தில் அசையாமல் இருந்தது.

சர்க்கரை டப்பாவை எடுக்கத் திரும்பியவர் தராசைப் பார்த்தார்.

தராசின் தகட்டின் மேல், மாவில், இரண்டு பாதங்கள். வெறும் பாதங்கள். பக்கம் பக்கமாக, நேராக, யாரோ ஏறி நின்று முன்னால் பார்த்திருப்பதைப் போல. இரண்டிலும் இரண்டாவது விரல் கட்டைவிரலைத் தாண்டி நீண்டிருந்தது.

அவருக்கு அந்தப் பாதங்களைத் தெரியும். ஒரு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து போனால், திங்கட்கிழமை காலையில் தராசில் அதே பாதங்கள் இருக்கும். மூட்டை நிறுக்கும் தராசில் விளையாட்டுக்கு ஏறி நின்றிருக்கிறாள் என்று நினைப்பார். தான் வேலை செய்யும் இடத்தில் மகள் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறாள் என்பதில் ஒரு சந்தோஷம். சில திங்கட்கிழமைகளில் முதல் மூட்டையை ஏற்றும் வரை அதை அழிக்காமல் வைத்திருப்பார்.

ஆனால் இந்த மாவு வியாழக்கிழமை அவள் விழுந்த பிறகு கொட்டியது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "வந்தியா?" என்றார். உதடுதான் அசைந்தது. இரண்டு ஜோடி கம்பளி உறைக்குள் அவர் மாட்டிவிட்ட அந்தப் பாதங்கள், உறையைக் கழற்றிவிட்டு, மண்ணுக்குள்ளிருந்து வந்து, இங்கேதான் முதலில் ஏறுமா? இன்னும் எவ்வளவு இறங்க வேண்டும் என்றா பார்க்க வந்தாள்? மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். விட்டால் மாவு பறந்துவிடும் என்று பயமாக இருந்தது.

 பிறகு, ஏன் என்று தெரியாமலே, தன் வலது காலின் செருப்பைக் கழற்றினார். காலை நீட்டி அந்தப் பாதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கும் இரண்டாவது விரல் நீளம். அவரிடமிருந்துதான் அது வந்தது. அவரிடமிருந்து இரண்டு பேருக்கு வந்தது.

அப்போதுதான் தகட்டிலிருந்து பின்கதவு வரை போன தடங்களைக் கவனித்தார். வந்த தடம், போன தடம், மறுபடியும் வந்த தடம், போன தடம். பின்கதவுச் சாவி வீட்டுக் கூடத்து ஆணியில் தொங்கும்.

பின்கதவு திறந்தது. ரஸ்க்கு நின்றாள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

அவரைப் பார்த்ததும் செருப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"அம்மா... உங்களைத் தேடறாங்க," என்றாள்.

"அதுக்கா வந்தே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெளிச்சம் அவளுக்குப் பின்னாலிருந்து விழுந்தது. அக்காவின் தொளதொளத்த சட்டைக்குள் அவள் உடம்பு ஒரு கோடாகத் தெரிந்தது. எப்போது இப்படி ஆனாள்? சூம்பிப் பிறந்த பிள்ளை என்பதால் யாருடைய கண்ணுக்கும் வித்தியாசம் படவில்லையா?

"எத்தனை தடவை வந்தே?"

"நேத்து. அப்புறம் இன்னிக்குக் காலையில. நீங்க எல்லாரும் அக்காவுக்கு டிரெஸ் மாத்திக்கிட்டு இருந்தப்போ."

"வா, உக்காரு."

அவள் மாவில் கால் வைக்காமல் ஓரமாகவே நடந்து வந்து, மூட்டை மேல் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் வருவோம்," என்றாள் மெதுவாக. "முதல்ல அவ. அப்புறம் நான். யாருக்குக் கம்மியோ அவங்க அன்னிக்கு மத்தியானம் ஜன்னல் பக்கம் படுக்கலாம். எப்பவும் அவதான் படுப்பா. ஒரே ஒரு தடவை நான் படுத்தேன். அன்னிக்கு அவ தூங்கவே இல்லை."

அவள் சட்டையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"எல்லாம் அவதான் சொல்லித் தந்தா. என்னென்னன்னு கேக்காதீங்கப்பா."

"கேக்கலை."

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினா. நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சதுன்னு சொன்னா." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இப்ப எனக்கு மட்டும்தான் தெரியும். நான் விட்டுட்டேன்னா அவ தனியா ஆயிடுவாப்பா."

வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். தொட்டியில் காய்ந்த மாவின் ஏடு மெல்ல வெடித்து ஒரு குமிழி விட்டது. ரொட்டிக்காரர் சொல்ல வேண்டியதைத் தேடினார். கண்டிக்க வேண்டுமா, கட்டிக்கொண்டு அழ வேண்டுமா, அக்கா செய்தது தப்பு என்று சொல்ல வேண்டுமா? மேலே போட்ட மண் இன்னும் ஈரம் காயாத அவளைத் தப்பு என்று எப்படிச் சொல்வது?

"அவ நின்னுட்டாடி, ரஸ்க்கு," என்றார் கடைசியில். "ஓட்டம் முடிஞ்சுபோச்சு. நின்னுட்டா."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அழுகை இல்லாத, பெரிய கண்கள்.

"நான் ரஸ்க்கா இல்லைன்னா என்னை என்னன்னு கூப்பிடுவீங்க?"

அவருக்கு அந்தக் கேள்வி முதலில் புரியவில்லை. புரிந்தபோது கடையில் நின்று சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது.  எத்தனை வருஷமாக, எத்தனை பேர் முன்னால், ஒரே மாவுதான் என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். ஒருத்தி அந்தப் பெயரிலிருந்து தப்பிக்க ஓடினாள். இன்னொருத்தி அந்தப் பெயரைக் கைவிடாமல் இருக்க.

"தெரியலைம்மா," என்றார். "நீயே சொல்லு, கூப்பிடறேன். இப்ப இல்லை. எப்பத் தோணுதோ அப்ப."

அவள் தலையசைத்தாள்.

"அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா," என்றார் அவர். "உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. எதுக்குன்னு அன்னிக்கு எனக்குப் புரியலை."

"எனக்குப் புரிஞ்சுது," என்றாள் அவள். "என்னைப் பாத்ததும் அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் நான் உடனே வெளியில வந்துட்டேன்."

"நாளைக்குப் போலாமா?"

அவள் கால் விரல்களை மடக்கிக்கொண்டாள். பிறகு மிகச் சின்னக் குரலில், "பயமா இருக்குப்பா," என்றாள்.

"எனக்கும்தான்."

அவர் எழுந்தார். முழங்காலில் ஒட்டியிருந்த மாவைத் தட்டவில்லை. ஓரத்தில் அடுக்கியிருந்த மூட்டைகளில் ஒன்றைக் கட்டிப்பிடித்து, ஒரு முனகலோடு தூக்கி, தராசின் மேல் வைத்தார். புழுதியாக மாவு எழும்பி இரண்டு பேர் முகத்திலும் படிந்தது. ரஸ்க்கு ஒரு கணம் கையை நீட்டினாள், தடுப்பவளைப் போல. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் கூட்டம் குறைந்திருந்தது. கோச் போய்விட்டிருந்தார். பெண்களும் போய்விட்டார்கள். சமையலறையில் மனைவி மட்டும் இருந்தாள். யார் யார் வீட்டிலிருந்தோ வந்த பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் சாப்பாடு அப்படியே இருந்தது. அதையெல்லாம் ஒரே அடுக்கில் மாற்றிவிட்டு, பாத்திரத்தை ஒவ்வொன்றாகத் தேய்த்து, கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"சர்க்கரை எங்கே?" என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

அவர் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டார். "மறந்துட்டேன்."

"பரவால்ல. எல்லாரும் போயாச்சு." ஒரு மூடியைத் தூக்கிப் பார்த்தாள். "இது யார் வீட்டுதுன்னு தெரியலை. நீலப் பூப் போட்டது. திருப்பிக் கொடுக்கணுமே."

"எதிர் வீட்டுதும்மா," என்றாள் சின்னவள். மாடத்தில் கிடந்த துணியை எடுத்து, கவிழ்த்த பாத்திரங்களைத் துடைக்க ஆரம்பித்தாள்.

 பாத்திரத்தோடு பாத்திரம் இடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நாளைக்குக் காலையில நாம மூணு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போறோம்," என்றார் அவர்.

மனைவியின் கை நின்றது.  முதலில் அவரைப் பார்த்தாள். அவர் முகத்திலும் முழங்காலிலும் இருந்த மாவைப் பார்த்தாள். பிறகு சின்னவளின் முகத்தில் இருந்த மாவைப் பார்த்தாள்.

பாத்திரத்தை எடுக்கச் சின்னவள் கையை நீட்டியபோது தொளதொளத்த கறுப்புச் சட்டையின் கை முழங்கை வரை நழுவிப் போனது. மனைவி சோப்பு நுரையோடு அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த கட்டைவிரலும் நடுவிரலும் சந்தித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

விடவில்லை. நுரை மெல்ல இறங்கி, சின்னவளின் முழங்கையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.